தலைகீழாக மாட்டிய பெயர்

பலகையைத் தலைகீழாகச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே ஐப்பசி மழை. வகுப்பறைக் கூரை இரண்டு மூன்று இடங்களில் ஒழுகியது. ஒழுகிய இடங்களில் காலி வர்ண டப்பாக்களை வைத்திருந்தார்கள். சொட்டுச் சத்தம், ஆற்றுச் சேற்று நாற்றம், வஜ்ஜிரப் பசை காய்ச்சும் வாடை. இந்த மூன்றும்தான் அந்த அறையைப் பற்றி இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருகின்றன.

எதிரே பாயில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்து என் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

பலகையில் இருந்தது என் அண்ணனுடைய பெயர். அது அவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை வேடிக்கையாகவே எழுதிவந்தேன் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்கிறார்கள். இந்த வாரம் வேடிக்கை இல்லை. வேண்டாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமைப் பஞ்சாயத்து

நான் எழுத்தாளன் இல்லை, எழுத்துக்காரன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். காலண்டரில் கடையின் பெயர், சோப்பு அட்டையில் சோப்பின் பெயர், பத்திரிகையில் அடுத்தவர் எழுதிய கதையின் தலைப்பு, இவற்றை வரைந்தே சாப்பிட்டவன்.

அந்தத் தொழிலைக் கற்றது அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால், ஒரு பழைய தோட்ட வீட்டில் நடந்த சித்திரப் பள்ளிக்கூடத்தில். சொந்தக் கட்டடத்தைச் சர்க்கார் யுத்தத்துக்காக எடுத்துக்கொண்டுவிட்டதால் பள்ளிக்கூடம் அங்கே வந்து ஒண்டிக்கொண்டிருந்தது. காகிதம் கிடைக்காத காலம். பார்சல் பெட்டிகளை உடைத்த பலகைதான் எங்களுக்குக் காகிதம். அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையில் வஜ்ஜிரம் கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்போம். பிறகு விளக்குக் கரியில் செய்த மையால் எழுதுவோம்.

எழுத்து வகுப்பு நடத்தியவரை நாயுடு மாஸ்டர் என்போம். குட்டையான மனிதர். மூக்குப்பொடி டப்பி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. யாரையும் பாராட்டிப் பேசமாட்டார். ஒரு வேலை மனசுக்குப் பிடித்துவிட்டால் "நிக்குது" என்பார். அதோடு சரி. அந்த ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, கேட்காமலே படிப்பை முடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

வாரம் முழுவதும் செய்த வேலையைச் சனிக்கிழமை காலையில் எல்லோர் முன்னிலையிலும் சுவரில் மாட்ட வேண்டும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. நாங்கள் பஞ்சாயத்து என்றோம். மற்ற வகுப்புகளில் படத்தை நேராக மாட்டுவார்கள். நாயுடு மாஸ்டர் வகுப்பில் தலைகீழாகத்தான் மாட்ட வேண்டும்.

"படிக்கிறவன் பாக்க மாட்டான் நைனா," என்பார். "பேரைப் படிச்சுட்டேன்னு வெச்சுக்கோ, கண்ணு அதுலயே பூடும். மொதல்ல பாரு. அப்பாலிக்கா படி."

அவர் சொன்னது சரிதான். தலைகீழாக வைத்தால் எழுத்து எழுத்தாக இருக்காது. கோடு, வளைவு, நடுவில் வெற்றிடம், இவ்வளவுதான் தெரியும். எந்த இடம் இறுக்கம், எந்த இடம் ஓட்டை என்பது உடனே கண்ணில் படும். 'ப' என்ற எழுத்து அங்கே கதவில்லாத வாசல் மாதிரி நிற்கும். அதை நாங்கள் வாசல் என்றே சொல்வோம். நாளடைவில் ஒருவன் பலகையை இன்னொருவன் தப்பித்தவறிக்கூடப் படிக்காத அளவுக்குக் கண் பழகிவிட்டது.

உட்கார்ந்திருப்பவர்கள் எது வேண்டுமானாலும் சொல்லலாம். செய்தவன் பதில் பேசக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, செய்தவனே பலகையை நேராகத் திருப்பி, அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். அவனுக்கு உள்ள பேச்சு அவ்வளவுதான். பஞ்சாயத்து என்ன குறை சொன்னதோ அதைச் சரிசெய்து அடுத்த சனிக்கிழமை மறுபடி மாட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷத்துத் தேர்ச்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தத் தடவை கொடுத்த வேலை, கல்லில் வெட்டுவதற்கு ஒரு பெயர். அவரவர் வீட்டு விஷயமாக இருக்க வேண்டும். மயிலாப்பூர் வரதன், தியாகராய நகரில் அவனுடைய மாமா கட்டிய புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதினான். மாம்பலத்து நாகப்பன், அவனுடைய அப்பா வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு எழுதினான். நான் கல்லறைக்கு எழுதினேன்.

"பின்னாலேயே வர்றேன்"

அண்ணன் ராயப்பன், நான் சின்னப்பன். எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளில் அண்ணன் தம்பிக்கு இப்படி ஜோடியாகப் பெயர் வைப்பது வழக்கம். இந்தப் பெயர்களுள்ள இரண்டு அர்ச்சிஷ்டவர்களுக்கும் (புனிதர்களை அப்படித்தான் சொல்வோம்) திருநாள் ஒரே நாளில் வரும். ஆகவே எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பாயசம். அதில் முந்திரி யாருக்கு, திராட்சை யாருக்கு என்று வருஷா வருஷம் சண்டை.

அண்ணன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் போனான். போகும்போது அவனுடைய டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதியது நான்தான். அந்த வயசில் இடம் பார்த்து எழுதத் தெரியாது. கடைசி எழுத்து இடம் போதாமல் மூலையில் நசுங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பரவால்லடா. துறைமுகத்துல அத்தினி பொட்டி இருக்கும். அதுல இதைக் கண்டுபுடிக்க இதுதான் வசதி," என்றான். அவன் அப்படித்தான். யாருடைய தப்பையும் அவனுக்குச் சௌகரியமாக மாற்றிச் சொல்லிவிடுவான்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையும் ஏறி நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் மாசிலாமணி. அதே கம்பெனியில் அண்ணனோடு வேலை பார்த்தவர். எங்களைத் தேடி விசாரித்துக்கொண்டு வந்தார். தோலும் எலும்புமாக இருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பொட்டியெல்லாம் வழியிலேயே போட்டுட்டோங்க," என்று ஆரம்பித்தார். "ஒரு மலைச் சரிவுல ராயப்பனுக்குக் காய்ச்சல் தாங்கல. ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு. 'நீங்க போய்க்கினே இருங்க, பின்னாலேயே வர்றேன்'னாரு. நாங்க போய்ட்டோம். திரும்பிப் பாக்குற நெலமையில யாரும் இல்லீங்க."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாதான் கேட்டாள்.

"உக்காந்தான்னுதானே சொல்றீங்க? படுத்தான்னு சொல்லலியே?"

"உக்காந்தாரும்மா."

"பின்னாலேயே வர்றேன்னு அவன் வாயால சொன்னானா?"

"சொன்னாரும்மா," என்று சொல்லிவிட்டு மாசிலாமணி அழ ஆரம்பித்தார்.

அம்மா அழவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்தவன் எழுந்து வருவான். அந்த வாரமே கோயிலுக்குப் போய், பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பூசையில் அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இறந்தவர்களுக்கான பூசையில் சேர்க்க வேண்டும் என்பது அப்பாவின் மனசில் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு பையனைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு விசுவாசம் குடியிருந்தது.

அப்போது நாங்கள் சாந்தோம் கடற்கரை வீட்டில் இல்லை. குண்டு விழப்போகிறது என்று பட்டணம் காலியானபோது நாங்களும் கதவைப் பூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், வாசலில் மணல் மூட்டை அடுக்கி, அதன் பின்னால் ஒரு சிப்பாய் நின்றான். வீட்டில் பட்டாளம் குடியேறிவிட்டது. மந்தைவெளியில் ஒரு சந்தில் இருட்டான இரண்டு அறை கிடைத்தது. அங்கே போனோம்.

இதில்தான் அம்மா தினம் தினம் நொந்துபோனாள். அண்ணனுக்குத் தெரிந்தது கடற்கரை வீடுதான். அவன் வந்து இறங்கினால் அங்கேதான் போவான். சிப்பாய் அவனை விரட்டிவிடுவான். ஆகையால் அம்மா சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பழைய தெருவுக்கு நடந்து போய், முனையில் இருந்த வெற்றிலை பாக்குக் கடைக்காரரிடம் புது வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு வருவாள்.

"தெரியும்மா. நேத்தே சொன்னீங்க," என்பார் கடைக்காரர்.

"இருக்கட்டும். மறந்துடாதீங்க," என்பாள்.

ஒரு கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது அப்பா என்னை மட்டும் பின்தங்கச் சொன்னார். அவர் எங்கள் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டிலும் பாதி வாத்தியார்தான். அன்றைக்கு மட்டும் குரலில் வாத்தியார் இல்லை.

"கல்லுக்கு எழுத்து போடறோம்னு சொன்னியே."

"ஆமாப்பா."

"அண்ணன் பேரைப் போடு. கல்லறைத் திருநாளுக்குள்ள கல்தச்சன்கிட்ட குடுத்து வெட்டி, தாத்தா கல்லறை பக்கத்துல வெச்சுடலாம். அம்மாவுக்கு இப்போ தெரிய வேணாம்."

"வருஷம் போடணுமே."

"பொறந்த வருஷத்தைப் போடு."

"அதுக்கப்புறம்?"

அப்பா செருப்பில் ஒட்டிய மண்ணை ஒரு கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். "ஒரு கோடு போட்டு வை. பார்த்துக்கலாம்," என்றார்.

நான் அப்படியே செய்தேன். மேலே சிலுவை. அதன் கீழே பெயர். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மூலை காலி

அந்தப் பலகைதான் இப்போது தலைகீழாகத் தொங்கியது. சிலுவைகூட அவர்கள் கண்ணுக்கு இரண்டு கோடுதான். முதலில் பேசியவன் வரதன்.

"மேலே இடது கைப்பக்கம் என்னவோ விட்டுப்போயிருக்கு மாஸ்டர். ஒரு குட்டிக் கோடு இருக்கு பாருங்கோ, அதுக்கப்புறம் ஏதோ வரணும். வராம நின்னுண்டிருக்கு."

அடுத்தவன் நாகப்பன். வகுப்பில் அவன்தான் கோமாளி. "ஆமா சார். மூலை காலியா கீது. பலகையே அந்தாண்ட சாயுற மாரி கீது. இன்னாத்தையாவது போட்டு ரொப்பணும் சார். ஒண்ணுமே இல்லாங்காட்டி ஒரு பூவாச்சும் போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பூ வேண்டாம், கொடி போடலாம் என்றான் ஒருவன். கோட்டையே எடுத்துவிடலாம் என்றான் இன்னொருவன். கோடு இருக்கட்டும், அந்தப் பக்கம் இருப்பது போலவே இந்தப் பக்கமும் ஒன்று வந்தால்தான் தராசு நிற்கும் என்றான் வரதன். அவர்களெல்லாம் கெட்டிக்காரர்கள். ஒருவர் சொன்னதும் தவறில்லை. நானே பாயில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாஸ்டர் எழுந்து வந்து பிரம்பால் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டு வாசலுக்கும் நடுவுல எடம் நல்லா வந்துகீது. இந்த வளைவு நல்லா கீது. ஓட்டைதான் எல்லாத்தையும் கெடுக்குது. ரொப்பிடு. சரி, திருப்பு. படி."

பலகையைத் திருப்பி மாட்டினேன். சிலுவை மேலே வந்தது. யாரோ ஒருவன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது காதில் விழுந்தது.

"ராயப்பன்," என்று படித்தேன். பிறந்த வருஷத்தைப் படித்தேன். அடுத்தது கோடு. கோட்டை எப்படிப் படிப்பது? நின்றுவிட்டேன்.

"அப்பாலிக்கா?" என்றான் நாகப்பன். கேட்ட பிறகுதான் அவன் பலகையைப் படித்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"யாரு இது?" என்றார் மாஸ்டர்.

பேசக் கூடாது என்பது சட்டம். வரதனுக்கு அண்ணன் பெயர் தெரியும். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு, "அவனோட அண்ணா மாஸ்டர். பர்மாவுல..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

மாஸ்டர் பொடி டப்பியைத் திறந்தார். பொடி எடுக்காமலே மூடினார். "பஞ்சாயத்து சொன்னா சொன்னதுதான். வர்ற சனிக்கெழம ரொப்பி எடுத்துக்கினு வா," என்றார். "அடுத்தது யாரு?"

அவரை நான் வெறுத்தேன். அந்த இடத்தில் சொல்வதற்கு அவருக்கு வேறு வாக்கியம் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்றைய வெறுப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

வகுப்பு முடிந்ததும் பலகையைச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். நாகப்பன் வந்து அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். அவன் சைதாப்பேட்டை வழியாக மாம்பலம் போக வேண்டியவன். என்னோடு மழையில் பாலம் தாண்டி வந்தான். வாய் ஓயாத பையன், வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மந்தைவெளிச் சந்து முனையில் பலகையைக் கொடுத்துவிட்டு, "நான் இன்னாத்தக் கண்டேன் மச்சி," என்றான். திரும்பி வந்த வழியே போனான்.

சாக்கட்டி

அம்மா கடற்கரைத் தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பலகையை அப்பாவிடம் காட்டினேன். அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வருஷத்தை நிரப்பச் சொல்றாங்கப்பா. இல்லாட்டி தேற முடியாது."

"போட்டுடு."

"நீங்க சாக்கட்டியால எழுதிக் குடுங்க. அதுமேல நான் மை போடறேன்."

எந்த வருஷம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மாசிலாமணி வந்து சொன்ன வருஷம்தான். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு நீலச் சாக்கட்டி இருக்கும். எடுத்தார். பலகைமேல் குனிந்தார். ஒன்று, ஒன்பது என்று முதல் இரண்டு இலக்கத்தை எழுதினார். அவை அவன் பிறந்த வருஷத்துக்கும் பொதுவான இலக்கங்கள். அதற்கு மேல் கை போகவில்லை. எழுதியதை உள்ளங்கையால் அழித்தார்.

"நீயே போட்டுடுடா."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கதானே கேட்டீங்க? நான் கேட்டேனா?" என்று கத்தினேன். அப்பாவை எதிர்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை.

"கேட்டேன்," என்றார். "எழுத வரலடா."

சாந்தோமில் பாதிப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். காலையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுத்தான் மறுவேலை. அவர் வாயால் அதைக் கேட்டபோது என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நான் சாக்கட்டித் தூளை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மையைக் குழைத்து, தூரிகையைத் தோய்த்து, அந்த மூலைக்குக் கொண்டுபோனேன். எனக்கும் எழுத வரவில்லை. கண்ணாடிச் சில்லை எடுத்துப் பலகை முழுவதையும் சுரண்டினேன். மறுபடி வெள்ளை பூசினேன். காய்ந்ததும் மேலே சிலுவை, நடுவில் பெயர். வருஷம் இல்லை, கோடும் இல்லை.

சனிக்கிழமை தலைகீழாக மாட்டினேன். மற்றவர்கள் வாயெடுக்கும் முன் நாகப்பன் முந்திக்கொண்டான். "இப்போ ஒண்ணும் சாயல சார்." வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பினேன். "ராயப்பன்," என்று படித்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் மாஸ்டர்.

"அவ்ளோதான் சார்."

வெகுநேரம் பார்த்தார். பஞ்சாயத்து நிரப்பச் சொன்னது, நான் எடுத்துவிட்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நிக்குது," என்றார்.

எத்தனையோ நாள் காத்திருந்த சொல். கிடைத்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஆணி

அன்றும் நனைந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே இருந்தாள். "சாக்கெல்லாம் தண்ணி," என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் பிரித்துவிட்டாள். முந்தானையால் பலகையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே படித்தாள்.

உள்ளே அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நீ எழுதினதா?"

"ஆமாம்மா."

"ரங்கூன் பொட்டியில எழுதினதைவிட நல்லா வந்திருக்கு." விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். "எதுக்கு எழுதின?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

"எனக்குத் தோணவே இல்ல பாரு. கடக்கரைத் தெருவுக்குப் போயிப் போயி வழி சொல்லிக்கினு இருந்தேன். இங்க வாசல்ல பேரு இருந்தா அவனே கண்டுபுடிச்சுப்பானே. ஏங்க, ஒரு ஆணி அடிங்க."

சிலுவைக்குக் கீழே ஒரு பெயர் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. கல்லறைத் தோட்டத்துக்கு அவள் போகாத வருஷமா? தெரிந்துதான் சொன்னாள் என்று எனக்குப் படுகிறது. கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது ஆணி இறங்கியது. கல்லறைக்கு என்று அவர் கேட்ட பெயரை அவரே வாசலில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று அம்மா தெருவில் நின்று பார்த்துச் சொன்னாள்.

அந்தக் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவும் நானும்தான் போனோம். தாத்தாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். மழைக்காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. இறந்தவர்களுக்கான பூசைக்கு அப்பா யார் பெயரையும் புதிதாகக் கொடுக்கவில்லை. அம்மா வரவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றாள்.

யுத்தம் முடிந்தது. பட்டாளம் கடற்கரை வீட்டைக் காலி செய்தது. நாங்கள் திரும்பிப் போகவில்லை. பெயரை இங்கே மாட்டியாயிற்று, இனி மாறினால் அவன் குழம்பிப்போவான் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். அப்பா உள்ளே பையன்களின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மிஸ்டர் ராயப்பன் இருக்காருங்களா?"

எட்டிப் பார்த்தேன். கோட்டு போட்ட ஒரு மனிதர், கையில் தோல் பை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். தெருவில் பெயர் போட்டிருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதைப் பார்த்து வந்திருக்கிறார்.

"வெளிய போயிருக்கான்," என்றாள் அம்மா.

"எப்போ வருவாருங்க?"

"வர்ற நேரந்தான். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மகனுக்கு எங்கே உத்தியோகம் என்று கேட்டார். மரக் கம்பெனியில் என்றாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றாள். அவள் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்து நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

உள்ளே நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். எழுந்து வந்து, ஐயா, நீங்கள் போகலாம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை. அப்பா ஒரே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஈர்க்குச்சி முறியும் சத்தம் கேட்டால்கூட அன்று அழுதுவிட்டிருப்பேன்.

தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு நேரமாயிடுச்சு போலிருக்குங்களே."

"ஆமா, இன்னைக்கு நேரமாயிடுச்சு," என்றாள் அம்மா. "நாளைக்கு வாங்க. இருப்பான்."